கடைச் சிரிப்பு

குத்தாலிங்கத்துக்கு வந்தது லட்சத்தில் ஒருவருக்கு வருகிற புற்றுநோய் என்று தெரிந்ததும் திருநெல்வேலி டவுன் ரத வீதியில் அவர்மேல் இருந்த மரியாதை ஒரு படி கூடிவிட்டது. "வந்தாலும் மட்டமான நோயா வரலை பாத்தியா? பட்டு செக்சன் ஆளுல்லா!" என்றார் பூக்கடைக்காரர். நோயின் பெயர் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. அதைத் திக்காமல் சொல்ல வீதியில் ஒருவருக்கும் வாய் வளையவில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிசு, டாக்டர் எந்த முகத்தோடு சொன்னார் என்பதெல்லாம் பால்காரர் வரைக்கும் தெரிந்திருந்தது.

இடது காதுக்குக் கீழே, எச்சில் சுரப்பியில் கட்டி. ஒரு தடவை அறுத்து எடுத்தார்கள், திரும்பவும் வந்தது. சாதாரணக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதற்கும் மசியாமல் மறுபடி வந்தது. இந்த முறை நரம்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறவும் ஆரம்பித்திருந்தது. இனி இருக்கிற ஒரே வழி பணகுடிப் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே புதிதாகக் கட்டியிருக்கும் கரிமத் துகள் சிகிச்சை மையம்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

குத்தாலிங்கம் லேசுப்பட்ட ஆள் இல்லை. மீனலோசனி சில்க்ஸ் இரண்டாம் மாடியில் இருபத்தேழு வருஷமாகப் பட்டுச்சேலை விற்கிறவர். லைனிங் துணி வாங்க வந்தவளை இரண்டு பட்டோடு படியிறக்கி அனுப்பக்கூடிய வாய். "அக்கா, உங்க தோள்ல போட்ட பெறகுதான் இந்த நெறம் எதுக்குப் பெறந்துச்சுன்னே தெரியுது" என்பார். கூடவே ஒரு சிரிப்பு. கடையில் அதற்குக் கடைச் சிரிப்பு என்று பெயர். காலையில் ஷட்டரோடு மேலே ஏறினால் கடை சாத்தும்போது ஷட்டரோடுதான் கீழே இறங்கும். வீட்டில் அந்தச் சிரிப்பை அவர் மனைவி சண்முகவடிவு பார்த்ததே இல்லை என்றும் ஒரு பேச்சு உண்டு.

பணகுடி மையத்தில் அவர்களை உட்காரவைத்து விளக்கியது ஜெர்லின் என்ற பெண். மருத்துவ இயற்பியல் படித்தவள், நாசரேத்துக்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும்.

"பழைய கதிரு வெயில் மாதிரி சார்" என்றாள். "வாசல்ல தொங்கப் போட்ட சேலை முன்னும் பின்னும் வெளுத்துரும்லா, அது மாதிரி போற வழி பூரா சுடும். கரிமத் துகள் அப்படி இல்ல. வழியில ரொம்பத் தொந்தரவு பண்ணாமப் போயி, நான் சொல்ற ஆழத்துல நின்னு, அங்கன மட்டும் வெடிக்கும். நூறு சேலை அடுக்கி வச்சிருந்தா நாப்பதாவது சேலையில ஒரு புட்டாவை மட்டும் கருக்கலாம்."

"அடேயப்பா!" என்றார் குத்தாலிங்கம். "அப்ப நாப்பத்தோராவது சேலைய தைரியமா விக்கலாம்."

"விக்கலாம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. உங்க கட்டி நரம்பு இழைகளோட பின்னிக்கிட்டு, ஒரு எடத்துல முடிச்சு மாதிரி கெடக்கு. அந்த முடிச்சுல ஒரு இழைக் கத்தையையாவது பலி குடுத்தாத்தான் நோய் முழுசாச் சாகும்."

"எந்தக் கத்தை?"

"நீங்க ரொம்பக் கொறைச்சலா உபயோகிக்கிறதை. அதைக் கண்டுபிடிக்கத்தான் இது." மெல்லிய ரப்பர் பட்டை ஒன்றை எடுத்து அவர் கழுத்தில் சுற்றினாள். ஓரத்தில் பச்சைப் புள்ளி ஒன்று மினுங்கியது. "இதுக்குக் 'கவனி'ன்னு பேரு. பத்து நாள் கழட்டக் கூடாது. நீங்க பேசும்போது, முழுங்கும்போது, சிரிக்கும்போது எந்த இழை துடிக்குதுன்னு பாத்துக்கிட்டே இருக்கும். நீங்க வழக்கம்போல இருந்தாப் போதும்."

வழக்கம்போல இருங்கள் என்று நம் ஊரில் ஒரு நோயாளியிடம் சொல்லிவிட்டால் ஆயிற்றா? ஊர் விட வேண்டாமா?

முதல் காரியமாக முதலாளி பொன்னுச்சாமி அண்ணாச்சி, "நீரு ரெஸ்ட் எடும் வே" என்று பத்து நாள் லீவு கொடுத்தார். இரண்டாவது, சங்கரன்கோவிலிலிருந்து சண்முகவடிவின் அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மாப்ள, நீங்க வாயத் தொறக்கப்படாது. அலட்டிக்கிடாதிய. நாங்க பேசிக்கிடுதோம்" என்றார். அப்படியே பேசிக்கொண்டார்கள். அவர்கள் போனதும் அடுத்த வீட்டுக்காரர்கள், அப்புறம் கடைக்காரர்கள், அப்புறம் பழைய வாடிக்கையாளர்கள். ஆளுக்கு ஒரு டஜன் ஆரஞ்சு, ஆளுக்கு ஒரு புற்றுநோய்க் கதை. யாருக்கு எங்கே வந்தது, எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தார் என்பதைச் சொல்லிவிட்டு, "ஆனா உங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்று முடித்தார்கள். குத்தாலிங்கம் என்ன செய்வார்? உரித்து நீட்டிய சுளையை விழுங்கினார். தலையாட்டினார். சிரித்தார். கடைச் சிரிப்புதான், வேறென்ன. கழுத்தில் பச்சைப் புள்ளி பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே இருந்தது.

பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, ஜெர்லின் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், நீங்க ரொம்ப அமைதியான டைப் போல."

யாரைச் சொல்கிறாள் என்று சண்முகவடிவு திரும்பிப் பின்னால் பார்த்தாள். அங்கே தண்ணீர்க் குடம்தான் இருந்தது.

"முழுங்குறது நிறைய இருக்கு. சிரிப்பு ஏகமா இருக்கு. பேச்சுதான் அனேகமா இல்ல. அதனால நாக்குக்குப் போற இடது கத்தையை விட்டுக்குடுத்துரலாம்னு கவனி திட்டம் போட்டிருக்கு. நாளை மறுநாள் காலையில ஒம்பது மணிக்கு முதல் கதிர்."

"விட்டுக்குடுத்தா?"

"பேச்சு குழறும். பயப்படாதீங்க, பழகினவங்களுக்குப் புரியும்."

குத்தாலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். "பழகினவுகளுக்குப் புரிஞ்சு என்னத்தம்மா செய்ய? எங்கடைக்கு வாரவுக பூராப் பழகாதவுக! நான் பேசுத ஆளும்மா. பேசித்தான் சோறு திங்கேன்!" கட்டி என்று முதலில் கேட்டபோதுகூட உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாதவர்.

"பேச்சை வச்சிருங்க, வேற எதையாவது எடுங்கன்னு சொல்லுதாவ" என்றாள் சண்முகவடிவு. "அவுக நாக்கு, அவுக சொன்னாப் போதாதா?"

"போதும்க்கா. சொன்னா நான் கேப்பேன். ஆனா எது பேச்சு இழை, எது சிரிப்பு இழைன்னு நரம்புமேல பேரு எழுதி ஒட்டலையே. பேசினாத்தான எது துடிக்குதுன்னு தெரியும்? இவங்க பத்து நாளா 'ம்'முக்கு மேல ஒண்ணும் பேசலை. முழுங்குறப்ப நாக்கு அசைஞ்சதை வச்சு, தோராயமா அந்தப் பக்கம்னுதான் கவனி சொல்லுது. காப்பாத்துன்னா எந்த இழையைன்னு காப்பாத்த?"

"இப்பப் பேசுதேன். அ, ஆ, இ, ஈ..."

"ஒப்பிக்கிற பேச்சுக்கு நாலு இழை போதும். உயிரோட பேசுற பேச்சுக்கு நாப்பது வேணும்." ஜெர்லின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "பழைய பதிவை அழிச்சுட்டுப் புதுசா எடுக்கலாம். ஆனா கட்டி நிக்காம ஏறுது, தேதியத் தள்ள முடியாது. ரத்தத்துல சாயம் ஏத்தியாச்சு, நீங்க இந்த வளாகத்தை விட்டு வெளிய போகவும் கூடாது. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம். இங்கனயே பேசுங்க."

இருபத்தேழு வருஷமாக மூச்சுவிடாமல் பேசின மனிதர், பேசு என்றதும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிரே ஆள் வேண்டும், ஆளுக்கு ஒரு தயக்கம் வேண்டும். அதைக் கண்டால்தான் அவருக்கு வாய் ஊறும். சண்முகவடிவு யோசித்து, ஆஸ்பத்திரிப் போர்வையை எடுத்துக் கட்டில்மேல் விரித்தாள். "நான் சேலை எடுக்க வந்திருக்கேன். சொல்லுங்க."

"வாங்கக்கா. இது அசல் காஞ்சிப்பட்டு. ஓரம் பாருங்க..."

"நல்லாருக்கு. இதையே போட்டுருங்க."

"ஏட்டி, ஒடனே சரின்னா நான் என்னத்தப் பேச?"

"நல்லாருந்தா எடுக்கத்தான செய்யணும்?"

முப்பது வருஷமாக எதையும் இரண்டாம் தடவை கேட்காத பெண்ணைக் கட்டியதன் பலனை அவர் அன்றைக்குத்தான் அனுபவித்தார். பச்சைப் புள்ளி தூங்கி வழிந்தது.

அப்புறம் சண்முகவடிவு ஒரு காரியம் செய்தாள். அதை இன்றைக்கும் டவுனில் மெச்சிப் பேசுகிறார்கள். நடைபாதைக்குப் போய், அவருக்குத் தெரியாமல், பாளையங்கோட்டைக்கு ஒரு போன் போட்டாள்.

பாளையங்கோட்டையில் இருப்பது குத்தாலிங்கத்தின் தங்கச்சி ஆவுடையம்மாள். அண்ணனும் தங்கச்சியும் பேசி ஒன்பது வருஷம். ஆவுடையின் மகள் சுபா கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக இவர் ஒரு மயில்கழுத்துப் பட்டு கொண்டு போனார். ஊரெல்லாம் சேலை எடுத்துக் கொடுக்கிற மாமன் என்ன கொண்டு வருகிறான் என்று மண்டபமே எட்டிப் பார்த்தது. ஆவுடை சேலையைப் பிரித்து, மடிப்பைத் தடவி, "கடையில வெலபோவாத சரக்கைக் கொண்டாந்து எம்மவ தலையில கட்டுதான்" என்று பந்தியில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய கதவு.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஆவுடையம்மாள் ஒயர்க்கூடையோடு அறைக்குள் வந்து, கூடையை நங்கென்று வைத்தாள்.

"நாக்கு போவுதாமே? போவட்டும். அது என்னெல்லாம் பேசுன நாக்கு!"

குத்தாலிங்கம் கட்டிலிலிருந்து எழும்பிய வேகத்தில் தலையணை கீழே விழுந்தது. "யாருட்டி ஒன்ன இங்கன கூப்பிட்டது? மண்டபத்துல வச்சு என் மானத்த வாங்குனது போதாதுன்னு ஆஸ்பத்திரிக்கும் வந்துட்டியா?"

"மானமா? மடிப்பு வெளுத்த சேலைய மாமன் சீருன்னு கொண்டாந்தப்ப எங்க போச்சு மானம்?"

"வெளுக்கலட்டி! அது ரெட்டைச் சாயம்! ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை, வெளிச்சத்துக்குத் தக்கன மாறும். ஆரணியில ஆளு வச்சு நெய்ய விட்டேன், ஆறு வாரம். அது தெரியாத கண்ணை வச்சுக்கிட்டு..."

"தெரியாதுதான். நீங்க சொன்னியளா? ஊரா வீட்டுப் பொம்பளைக்கெல்லாம் ஒரு மணி நேரம் நூலு நூலா வெளக்குதிய. கூடப் பெறந்தவகிட்ட பொட்டலத்த நீட்டிட்டுப் பந்திக்குப் போயிட்டிய!"

இது அவருக்குப் புதுச் செய்தி. அதற்கும் சேர்த்துப் பொரிந்து தள்ளினார். அம்மாவின் காதுப் பாம்படம் யாருக்குப் போனது என்பதிலிருந்து, ஏழாம் வகுப்பில் யார் யாரைக் காட்டிக் கொடுத்தார் என்பது வரை பின்னோக்கிப் போனார்கள். பக்கத்து அறை நோயாளிகள் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஜெர்லின் கையில் பலகைத் திரையோடு ஓடி வந்தாள்.

"நிறுத்தச் சொல்லட்டா மேடம்?" என்று கேட்ட நர்ஸைக் கையமர்த்தினாள். "மூச்சுக் காட்டாதீங்க. அறுபது இழை துடிக்குது!"

பத்து மணிக்குக் காபிக்கு நிறுத்தினார்கள். காபி ஆறுவதற்குள் மறுபடி தொடங்கினார்கள். மத்தியானம் ஆவுடை கூடையைத் திறந்து தயிர்சோற்றைப் பிசைந்து, "தின்னுட்டுக் கத்துங்க" என்றாள். தின்றுவிட்டுக் கத்தினார். மூன்று மணிவாக்கில் சுபா கல்யாணத்தில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் மாலை வாங்கக் குனியும்போது அவர் வேட்டி நழுவியது எப்படியோ பேச்சில் வந்தது. அவர் மாலையைப் பிடிப்பதா வேட்டியைப் பிடிப்பதா என்று தவித்ததைக் குத்தாலிங்கம் எழுந்து நடித்துக் காட்டினார். ஆவுடை சுவரில் சாய்ந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். கண்ணில் நீர் வருகிற சிரிப்பு. சண்முகவடிவு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அண்ணன் தங்கச்சி இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். அதையும் கவனி குறித்துக்கொண்டது.

ஒரு நாள் முழுக்க அவர் முகத்தில் மரியாதைக்கு என்று ஒரு சிரிப்பு வரவில்லை. கூடப் பிறந்தவளிடம் எவன் மரியாதைக்குச் சிரிப்பான்?

சாயங்காலம் ஜெர்லின் புதுத் திட்டத்தோடு வந்தாள். "பேச்சு பத்திரம். கத்துறது, அழறது, முழுங்குறது எல்லாம் பத்திரம். போறது வாயோரத்துல, இன்னைக்கு ஒருவாட்டிகூடத் துடிக்காத ஒரு மெல்லிய இழைதான். வேணும்னு வரவழைக்கிற சிரிப்பு இனிமே வராது."

"சிரிப்பே வராதா?"

"தானா வர்றது வரும். அது வேற இழையில போகுது. இன்னைக்கு மூணு மணிக்குப் பாத்தேனே. கரிமத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துற எடம் தெரிஞ்சாப் போதும், ரெண்டையும் பிரிச்சுரும்."

"ரெண்டும் வேற வேறயா?" என்று குத்தாலிங்கம் ஆச்சரியப்பட்டார். ஐம்பத்திரண்டு வருஷமாக ஒரே முகத்தில் வைத்திருந்தவர்.

"போறது கள்ளச் சிரிப்புதான, போய்த் தொலையட்டும்" என்றாள் ஆவுடை. அவரும் கையெழுத்துப் போட்டார். நாக்கு பிழைத்த சந்தோஷத்தில் அவர் இருந்தார். அதில் சிரிப்பைப் பற்றி யார் யோசித்தது?

பதினாறு முறை கதிர். முகத்துக்கு வலை மாதிரி ஒரு முகமூடி போட்டு, மேசையோடு சேர்த்துப் பூட்டி, இரண்டு நிமிஷம். வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் கட்டி இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. வீதியில் லட்டு கொடுத்தார்கள்.

அதன்பிறகுதான் கடைக்குப் போனார்.

முதல் நாளே அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி. பெண்ணின் அம்மா ஒரு கிளிப்பச்சையைத் தோளில் போட்டுக்கொண்டு, "எப்படிண்ணே இருக்கு?" என்றாள். "உங்களுக்குன்னே தறியில ஏத்துனது அக்கா!" என்றார் குத்தாலிங்கம். வார்த்தை பழைய மாதிரியே மணி மணியாக வந்தது. முகம் மட்டும் சாவு வீட்டில் வாடகை பெஞ்சு எண்ணுகிறவர் முகம். அந்தம்மாள் சேலையை மெதுவாக மடித்துக் கீழே வைத்தாள். அடுத்ததையும் வைத்தாள். பார்ட்டி மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது.

"சிரிச்ச மூஞ்சியா சொல்லும் வே" என்றார் அண்ணாச்சி.

"வர மாட்டேங்கு அண்ணாச்சி. இழுத்துப் பாத்துட்டேன்."

ஒரு மாதம் பார்த்தார்கள். அப்புறம் கீழ்த்தளத்துக்கு, லுங்கி துண்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். லுங்கி எடுக்கிறவன் விற்கிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை என்பது அண்ணாச்சியின் கணக்கு. குத்தாலிங்கத்துக்கு அவமானம் தாங்கவில்லை. லுங்கியைப் பற்றி ஒரு மனிதன் எவ்வளவு பேசிவிட முடியும்?

ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டாம் மாடி ஸ்டாக் அறையிலிருந்து துண்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, கண்ணாடி முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். நல்ல கருப்பு. தோளில் மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. கூட வந்த அத்தை, "கருப்புக்கு மஞ்சளா?" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். குத்தாலிங்கம் நின்றார். அவர் கேட்காமலே அவர் முகம் அகலத் திறந்துகொண்டது. கண், கன்னம், நெற்றி எல்லாம் சிரித்தது.

அத்தை அவரைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். "ஏ, இந்த அண்ணன் மூஞ்சியப் பாரு பிள்ள! இதையே எடு."

அத்தைக்கு வாய் நீளம். ஒரு மாதத்தில் நாங்குநேரியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவரை மறுபடி இரண்டாம் மாடியில் உட்காரவைத்தார்கள். யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முகத்துக்கு எதிரே வந்து நிற்பார்கள், முகம் மலர்ந்தால் எடுப்பார்கள், இல்லையென்றால் அடுத்தது. ஒருத்தி மாப்பிள்ளை போட்டோவையே கொண்டுவந்து காட்டினாள். "நான் சேலைக்கு மட்டும்தான் தாயி" என்று அனுப்பிவைத்தார். அவருக்கு ஒரே குறை, பிழைத்த நாக்குக்கு வேலை இல்லாமல் போனதுதான். வாயைத் திறந்தால், "நீங்க பேசாதிய அண்ணே, மூஞ்சியக் காட்டுங்க" என்றார்கள்.

கெட்டிக்காரத்தனம் என்பது பொன்னுச்சாமி அண்ணாச்சிக்கு எப்போதுமே ஒரு முழம் கூடுதல். கத்திரிப்பூ நிறத்தில் இருநூறு சேலை ஒரு லாட் தவறிப்போய் வந்து இறங்கியிருந்தது. ஜரிகை இரண்டாம் சலவையில் கறுத்துவிடும். குத்தாலிங்கத்தின் முகம் அதைப் பார்த்தாலே சுருங்கியது, ஒன்றுகூட நகரவில்லை. அண்ணாச்சி யோசித்து, ரெடிமேட் பிரிவிலிருந்து சேர்மக்கனியை அழைத்துவந்தார். சேர்மக்கனி கடையிலேயே பெரிய கோமாளி. அண்ணாச்சி வெற்றிலை போட்டுக்கொண்டு மாடி ஏறுவதை அண்ணாச்சிக்கு முன்னாலேயே நடித்துக் காட்டுகிறவன்.

"கஸ்டமருக்குப் பின்னால நில்லுடே. அந்த லாட்டை எடுத்தா மட்டும் ஆரம்பி."

அவன் ஆரம்பித்தான். குத்தாலிங்கம் உதட்டைக் கடித்துப் பார்த்தார், தொடையைக் கிள்ளிப் பார்த்தார். தானாக வருகிற சிரிப்பை எந்த நரம்பைப் பிடித்து நிறுத்த? இரண்டு நாளில் பன்னிரண்டு கத்திரிப்பூச் சேலை போயிற்று.

"நேத்து ரொம்பச் சிரிச்சியளாமே" என்றாள் சண்முகவடிவு, காலைச் சாப்பாட்டுக்குத் தோசை போட்டுக்கொண்டே. நேற்று நடந்தது காலைக்குள் வந்து சேர்ந்திருந்தது. "பூக்கடைக்கார மைனி சொன்னா."

"நான் சிரிக்கலட்டி. அவன் சிரிக்க வைக்கான்."

"சேலை வாங்குனவளுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?"

"முன்னாலயும் இதத்தான செஞ்சேன்? இருபத்தேழு வருசமா?"

"முன்னால ஒங்களக் கடைக்காரன்னு நெனச்சு வாங்குனாவ. கொஞ்சம் பொய் இருக்கும்னு தெரிஞ்சே வாங்குனாவ." தோசையைத் திருப்பினாள். எதையும் இரண்டாம் தடவை கேட்காதவள், அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினாள். அவர் பாதித் தோசையோடு கை கழுவ எழுந்தார்.

அன்றைக்குப் பதினொரு மணிக்குக் களக்காட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். கூட வேறு யாரும் இல்லை. மகளுக்கு முகூர்த்தப் பட்டு. "நாலு பஸ்சு மாறி உங்க மூஞ்சிய நம்பி வந்திருக்கேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு, மேலே கிடந்த கத்திரிப்பூவை எடுத்தாள். அவள் தோளுக்குப் பின்னால் சேர்மக்கனி இடுப்பில் கை வைத்து, வெற்றிலைக் கன்னத்தை உப்பி, இல்லாத மாடியின் முதல் படியில் கால் வைத்தான்.

குத்தாலிங்கத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தம்மாள் முகம் மலர்ந்தது. "பில்லு போடுங்க."

"வேண்டாங்க்கா" என்றார் குத்தாலிங்கம், சிரித்துக்கொண்டே.

"என்னது?"

"அது வேண்டாம். ஜரிகை... ஹ... ரெண்டு தண்ணியில கறுத்துரும்."

"பாத்தியளா, எம்புட்டு அடக்கமா வெளையாடுதாவ! வாய் என்ன சொன்னா என்ன, மூஞ்சி சொல்லுதே." அவள் இன்னொரு கத்திரிப்பூவையும் எடுத்து மேலே வைத்தாள். "இது சம்பந்திக்கு."

சேர்மக்கனி மூன்றாவது படியில் இருந்தான். தூரத்தில் கல்லாவிலிருந்து அண்ணாச்சி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குத்தாலிங்கத்தின் தோள் குலுங்கியது, கண்ணில் நீர் முட்டியது. நயமாகச் சொல்லத் தெரிந்த வார்த்தைகள் அத்தனையும் அவருக்குக் கைவசம் இருந்தன. இருபத்தேழு வருஷச் சேமிப்பு. அதில் ஒன்றைக்கூட இவள் நம்பப் போவதில்லை.

"ஏட்டி!" என்று கத்தினார். "கீழ வையிட்டி அத!"

மாடி முழுக்க மடிப்பு பிரிகிற சத்தம் நின்றுவிட்டது. சேர்மக்கனி தூக்கிய காலோடு அப்படியே நின்றான்.

"நாலு பஸ்சு மாறி வந்தவளுக்கு நாலு எழுத்து மூளை இருக்க வேண்டாமா? பெத்த மவ கல்யாணத்துக்கு இந்தக் கருமத்தையா தூக்கிட்டுப் போவ? நான் சிரிக்கது அந்தக் கோமாளிப் பயலப் பாத்து! திரும்பிப் பாருட்டி!"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒற்றைக் காலில் நின்ற சேர்மக்கனி அசட்டுத்தனமாகக் கும்பிட்டான். அவள் இரண்டு சேலையையும் மேசையில் வைத்தாள். முதலாளியைக் கூப்பிடப் போகிறாள், போலீசைக் கூப்பிடப் போகிறாள் என்று விற்பனைப் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவளோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னைய இப்படித் திட்டுனது எங்கூடப் பெறந்தவன் ஒருத்தன்தான். அவனும் துபாய்க்குப் போயிட்டான்" என்றாள். "சரி. கத்தினது போதும். எம்மவ புதுநிறம், கொஞ்சம் உயரம், மூக்கு எடுப்பா இருக்கும். எடுத்துப் போடும்."

குத்தாலிங்கம் சிவப்பு ஒன்றைப் பிரித்தார். அவள் சேலையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். முகம் அசையவில்லை. ஊதா ஒன்று. அசையவில்லை. ராமர் பச்சை. ம்ஹூம். "இது மூக்குக்கு ஒத்து வராது" என்றார். "இதுல ஊடைநூல் மட்டம்" என்றார். ஒவ்வொன்றுக்கும் ஏன் கூடாது என்று நூல் நூலாகச் சொல்லிக்கொண்டே போனார். அவளும் எதிர்த்துக் கேட்டாள். விற்பனைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். சேர்மக்கனியும் காலைக் கீழே வைத்துவிட்டு, அவர் உதட்டோரத்தையே உற்றுப் பார்த்தான்.

பதினெட்டாவது சேலைக்கு அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். கூட்டத்தை விலக்கி, குத்தாலிங்கத்தின் முகத்தையும் அந்தம்மாளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார்.

"என்ன நின்னு பாத்துக்கிட்டிருக்கிய முதலாளி?" என்றாள் அவள், அவர் பக்கம் திரும்பாமலே. "எல்லாத்துக்கும் காபி சொல்லுங்க. நேரமாவும் போல இருக்கு."